நல்ல சுகம், சேர்!

பொய் சொல்லும் நோயாளியைப் பற்றித் தாதிப் பயிற்சியில் உங்களுக்கு நிறையச் சொல்லித் தந்திருப்பார்கள். நடிக்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பது, நொண்டிக்கொண்டு உள்ளே வந்தவன் வெளியே போகும்போது எப்படி நடக்கிறான் என்று யன்னலால் எட்டிப் பார்ப்பது, இதெல்லாம் எனக்கும் சொல்லித் தந்தார்கள். நல்லது, படித்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மையாகவே நோய் பிடித்த வருத்தக்காரன் ஒருவன், தனக்கு ஒரு வருத்தமும் இல்லையென்று நெஞ்சை நிமிர்த்திப் பொய் சொன்னால் என்ன செய்வது? அதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்கும் சொல்லித் தரமாட்டார்கள். அதனால்தான், ஓய்வுபெற்று வீட்டில் கால் நீட்டி இருக்க வேண்டிய நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேலையின் கடைசி வருடங்களில் என்னை ஒரு மருத்துவச் சபைக்குத் தாதியாகப் போட்டார்கள். துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு பழைய கட்டடம், நீளமான விறாந்தை, உள்ளே ஒரு பெரிய மேசை. படைகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவர்கள் அங்கே வருவார்கள். கை கால் இழந்தவர்களின் விசயம் வேறு இடத்தில். எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் நீரிழிவுக்காரரும் பிரஷர்காரரும். இந்த இரண்டு வருத்தமும் சேர்ந்து ஒரு மனிதனை நூற்றுக்கு எத்தனை வீதம் இயலாதவன் ஆக்கியிருக்கிறது என்று மூன்று டொக்டர்மார் இருந்து தீர்மானிப்பார்கள். நிறை பார்ப்பதும் பிரஷர் பார்ப்பதும் விரலில் குத்திச் சீனி பார்ப்பதும் என் வேலை.

மூன்று டொக்டர்மாரையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் பெரிய டொக்டர். ஓய்வுக்குக் கிட்ட நின்ற மனிதர், நல்லவர், ஆனால் கோபக்காரர். அடுத்தவர் சின்ன டொக்டர். சட்டதிட்டம் முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார், நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் பிரிவு இலக்கத்தோடு சொல்லுவார். மூன்றாவது டொக்டர், காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார். மிச்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். சிந்திக்கிறார் என்று நாங்கள் மரியாதையாகச் சொல்லிக்கொள்வோம்.

அந்தச் சபையின் விதியொன்று விசித்திரமானது. ஒருவனுக்கு எத்தனை வருடமாகச் சீனி இருக்கிறது என்பது பெரிதில்லை. சபை நாளன்று விரலில் குத்தும்போது என்ன வருகிறதோ அதுதான் கணக்கு. விசயம் தெரிந்த ஆட்கள் காலையிலேயே வந்து, விறாந்தைப் படியில் இருந்து சர்க்கரை ஒழுகும் தொதல் தின்பார்கள். ஒருவர் மஸ்கட் இனிப்பு ஒரு பொட்டலம் முழுவதையும் முடித்துவிட்டு, தேத்தண்ணிக்கும் இன்னொரு கரண்டி சீனி கேட்டார். வருத்தத்தைக் கூட்டினால்தான் வருத்தத்துக்கு மரியாதை. வருடம் முழுவதும் கிளினிக்கில் நாங்கள் தலைகீழாக நின்று சொல்லும் புத்திமதியெல்லாம் அந்த ஒரு காலையில் அந்தப் படியிலேயே போய்விடும்.

ஆனால் இப்படிச் செய்தவர்கள் கொஞ்சப் பேர்தான். பெரும்பாலானவர்கள் நேர் எதிர். இளவயதிலிருந்து அவர்களுக்குப் பழக்கியது ஒன்றே ஒன்று: மேசைக்குப் பின்னால் பெரியவர்கள் வரிசையாக இருந்தால் அது இன்ஸ்பெக்ஷன். இன்ஸ்பெக்ஷனில் முறைப்பாடு சொல்லக் கூடாது. “எப்பிடிச் சுகம்?” என்று கேட்டால் பதில் ஒன்றுதான். “நல்ல சுகம், சேர்!” பார்வை மங்கியவனும் அதைத்தான் சொல்லுவான், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவனும் அதைத்தான் சொல்லுவான். இயலாமைக்கு வீதம் கேட்டு விண்ணப்பம் போட்டவன், உள்ளே வந்து தனக்கு எல்லாம் இயலும் என்று நிரூபித்துவிட்டுப் போவான். வெளியே மனைவிமார் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அப்படி வந்தவர்தான் சவிரிமுத்து அண்ணை. பாலையூற்று ஆள். கடற்படைக் குசினியில் சமையல்காரராக இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். தமிழன் அங்கே எப்படி என்று கேட்பீர்கள். பழைய காலத்தில் சேர்ந்த ஒருசிலர் கடைசிவரை இருந்தார்கள். ஊருக்குள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், முகாமுக்குள்ளும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் சிரித்துக்கொண்டு சோறு போட்டவர்.

அன்று காலை சவிரிமுத்து அண்ணையின் மனைவி றீற்றா அக்கா விறாந்தையில் என் கையைப் பிடித்துக்கொண்டு விட்டா. அப்போதுதான் முழு விசயமும் தெரிந்தது. அவர்களுக்கு ஒரே மகள், ஜெசி. மன்னாருக்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். கலியாணம் ஆகவில்லை. இடமாற்றம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். தகப்பனுடைய இயலாமை பாதிக்கு மேல் என்று மருத்துவச் சபை எழுதிக் கொடுத்தால் பிள்ளையை ஊருக்கு விடுவார்கள். அந்த முறை விண்ணப்பம் மாதக் கடைசியோடு முடிகிறது. எங்கள் சபை அடுத்ததாகக் கூட அரை வருடம் ஆகும்.

“எனக்குக் கண் மங்கல், மிஸ்,” என்றா றீற்றா அக்கா. “இவருக்குக் கால் விறைச்சுப் போச்சு. செருப்புக் கழண்டு போனாலும் தெரியாது, வெறுங்காலோடை நடந்து வருவார். போன மழைக்கு அடுப்புக் கொள்ளியை மிதிச்சவர், எரிஞ்ச மணம் வந்த பிறகுதான் நான் கண்டனான். வீட்டிலை நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தாலும் ஒரு முழு ஆள் வராது. பிள்ளை வந்தால்தான்.”

“உள்ளை போய் அதைச் சொல்லச் சொல்லுங்கோ, அக்கா. கால் விறைக்குது எண்டு ஒரு வார்த்தை.”

“ஒரு கிழமையா சொல்லிக் குடுத்தனான், மிஸ். குசினிக்கை நான்தான் டொக்டர். ‘கால் விறைக்குதோ?’ எண்டு கேப்பன். ‘ஓம் சேர், சரியா விறைக்குது’ எண்டுவார். நல்லாச் சொன்னவர். இண்டைக்கு அந்தச் சப்பாத்தைப் போட்ட உடனை ஆள் மாறிட்டார்.”

நான் திரும்பிப் பார்த்தேன். சவிரிமுத்து அண்ணை விறாந்தைத் தூணுக்குப் பக்கத்தில் நேராக நின்றார். வெள்ளைச் சேட், மடிப்புக் கலையாத காற்சட்டை, அலுமாரியில் கிடந்த பழைய கறுப்புச் சப்பாத்து. அதில் முகம் பார்க்கலாம். அடி கழன்றிருந்ததாம், முதல் நாள்தான் பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து ஆணி அடித்து எடுத்தாராம். அதைவிட இன்னொன்று றீற்றா அக்கா சொன்னா, எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சபைக்கு நாள் குறித்த கடிதம் வந்ததிலிருந்து மனிதன் சோற்றைத் தொடவில்லையாம். குரக்கன் பிட்டும் கீரையும். மருந்து ஒரு நேரம் தவறவில்லை. காலையும் மாலையும் கடற்கரையில் நடை. பெரியவர்களுக்கு முன்னால் போகும்போது சீனி ஒழுங்காக இருக்க வேண்டுமாம்!

அன்றைய நாள் தொடக்கத்திலேயே கோணலாகத்தான் போனது. வரிசை இலக்கம் எழுதிய மட்டைகளை விறாந்தையில் வைத்திருந்தோம். ஆட்டைப்போலத் தெருவெல்லாம் திரியும் எங்கள் ஊர் மான்களை உங்களுக்குத் தெரியும்தானே, ஒன்று படியேறி வந்து பாதியைத் தின்றுவிட்டது. பதிவு எழுதும் கிளாக்கர் தலையைச் சொறிந்துவிட்டு, “எல்லாரும் சேவையிலை சேர்ந்த வருச ஒழுங்கிலை நில்லுங்கோ” என்றார். கண் மூடித் திறக்க முதல் ஆட்கள் நின்றுவிட்டார்கள். கைத்தடியோடு வந்தவர்கூட ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றார். சின்ன டொக்டர் அதை யன்னலால் பார்த்து, “நல்ல உசாராத்தானே இருக்கினம்” என்றார். அதோடு அரைவாசிப் பேருடைய வீதம் குறைந்திருக்கும்.

பிறகு பிரஷர் மெஷின். முதல் வந்த ஆளுக்கு அது இலக்கத்தைக் கூட்டிக் காட்டியது. பெரிய டொக்டருக்குச் சந்தேகம். “எனக்கு ஒருக்காப் பாருங்கோ, மிஸ். எனக்கு எப்பவும் நோர்மல்” என்று கையை நீட்டினார். பார்த்தேன். வந்த ஆளைவிட அவருக்குத்தான் கூட. நான் இலக்கத்தைச் சொன்னதும் அவருடைய முகம் சிவந்தது, பிரஷர் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும்.

“மெஷின் பிழை,” என்றார்.

“வேறை மெஷின் இல்லை, சேர்.”

சின்ன டொக்டர் உடனே விதியோடு வந்தார். பிரஷர் பார்க்காமல் சபை நடத்த ஏலாது. பிழையான மெஷினால் வந்த இலக்கத்தைக் கணக்கில் எடுக்கவும் ஏலாது. ஆகவே எல்லாருக்கும் பிரஷர் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, எழுதியதை எண்ணாமல் விடுவது என்று தீர்மானமானது. மூன்றாவது டொக்டர் கையெழுத்து வைத்தார்.

அதற்கடுத்து ஒருவர் பெருவிரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார், மீன் வெட்டும்போது கத்தி பட்டதாம். சின்ன டொக்டர் அவரைக் கதிரையில் இருக்கவே விடவில்லை. புதுக் காயம் இருந்தால் ஆள் சிகிச்சையில் இருக்கிறான் என்று கணக்கு. சிகிச்சையில் இருப்பவனை மதிப்பிடக் கூடாது. காயம் ஆறி, அடுத்த சபைக்கு வா. அரை வருடம்! பெருவிரலுக்கும் சீனிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனிதர் கேட்டுக்கொண்டே போனார். இந்த விதியை ஞாபகத்தில் வையுங்கள்.

சவிரிமுத்து அண்ணையின் முறை வந்தது. விறாந்தையிலிருந்து மேசைவரை அணிவகுத்து வந்தார், முன்னால் நின்று வலது காலை ஓங்கித் தரையில் அடித்து விறைப்பாக நின்றார். மேசையில் இருந்த பேனை உருண்டு விழுந்தது. மூன்றாவது டொக்டர் கண்ணைத் திறந்தார். றீற்றா அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா.

“எப்பிடி, சுகமா இருக்கிறியளோ?” என்று பெரிய டொக்டர் கேட்டார்.

“நல்ல சுகம், சேர்!”

வாசலில் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

சின்ன டொக்டர் தொடங்கினார். சீனி வருத்தம் சேவையால் வந்ததா, சும்மா வந்ததா? றீற்றா அக்காதான் வாசலிலிருந்து சொன்னா: “ருசி பார்த்து வந்தது, சேர்! இருபது வருசமாப் பெரியாக்களுக்கு இனிக்க இனிக்க வட்டிலப்பமும் புடிங்கும் செய்தவர். ஒவ்வொரு நாளும் ருசி பாக்க வேணும்தானே?”

“ருசி பாக்கிறது கடமை,” என்றார் சின்ன டொக்டர். “விழுங்கிறது கடமையில்லை.”

“விழுங்காமல் எப்பிடி ருசி பாக்கிறது?” என்றார் பெரிய டொக்டர்.

“தேயிலை ருசி பாக்கிறவை துப்புவினம்,” என்றார் மூன்றாவது டொக்டர். அந்தச் சபையில் அவர் தானாக வாய் திறந்ததை நான் முதன்முதல் கேட்டது அன்றுதான்.

அதன் பிறகு நடந்த விவாதத்தை நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். வட்டிலப்பத்தைத் துப்புவது முறையா, முகாமில் துப்புவதற்குப் பாத்திரம் கொடுத்தார்களா, அளவுக்கு மேல் விழுங்கினால் மேலதிகமான விழுங்கல் சேவையா சொந்த விருப்பமா. படித்த மனிதர்கள் மூன்று பேர், வெயில் ஏறும்வரை. கடைசியில் சவிரிமுத்து அண்ணை விழுங்கியது கடமையில்தான் என்று முடிவானது. அவர் அசையாமல் நின்றார்.

நான் விரலில் குத்தினேன். சீனி அருமையாக இருந்தது. குரக்கன் பிட்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. பிரஷர் பார்த்தேன், பயப்படும் அளவுக்கு ஏறியிருந்தது. சொன்னேன், எழுதினார்கள், எண்ணவில்லை.

“கால் விறைப்பு இருக்கோ?” என்று சின்ன டொக்டர் கேட்டார்.

றீற்றா அக்கா வாசலில் தலையை மேலும் கீழும் ஆட்டினா. சவிரிமுத்து அண்ணை எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, “இல்லை, சேர்!” என்றார்.

“சேர், சப்பாத்தைக் கழட்டி ஒருக்காப் பாப்பமே?” என்று நான் கேட்டேன்.

பெரிய டொக்டர் எட்டிப் பார்த்தார். “அந்தப் பொலிஷைப் பாருங்கோ, மிஸ். இப்பிடி வந்த மனுசனைச் சப்பாத்துக் கழட்டச் சொல்லி அவமானப்படுத்துறதே? விடுங்கோ.” மரியாதை கொடுக்கத்தான் அப்படிச் சொன்னார். மரியாதையால் வரும் கேடு சிலவேளை அவமரியாதையால் வராது.

தீர்ப்பு, சீனிக்கு ஆகக் குறைந்த இருபது வீதம். வாசலில் நின்ற றீற்றா அக்கா உள்ளே வந்தேவிட்டா.

“சீனிக்கு இருபது எண்டால் பிரஷருக்கும் ஒரு இருபது போடுங்கோ, சேர். கால் விறைப்புக்கும் ஏதேன் பாத்துப் போடுங்கோ.”

சின்ன டொக்டர் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். கால் விறைப்பு நிரூபணமானால் சீனிக்கு நாற்பது கொடுக்கலாம், ஆனால் இவரே இல்லையென்கிறார். பிரஷருக்கு இருபது, ஆனால் மெஷின் பிழை. அப்படியே இரண்டையும் கொடுத்தாலும் அறுபது வராது. “நாப்பது வீதம் போனால் மிச்ச ஆள் அறுபது வீதம்தான். பிரஷருக்குரிய இருபது வீதத்தை அந்த மிச்ச அறுபதிலைதான் எடுக்கலாம். பன்ரெண்டு. எல்லாமா அம்பத்திரெண்டு.”

றீற்றா அக்கா கையைக் கத்திபோல் மேசையில் இறக்கிக் காட்டினா. “தலைப்பக்கத்தை வெட்டி வித்துப்போட்டு, மிச்ச மீனைத் திருப்பி நிறுக்கிற மாதிரியோ?”

“ஓம், அப்பிடித்தான்,” என்றார் அவர். பகிடி விளங்காத மனிதர்.

“அடுத்த ஆள்,” என்றார் பெரிய டொக்டர். சவிரிமுத்து அண்ணை சட்டென்று திரும்பி, வாசலை நோக்கி அணிவகுத்தார். அப்போதுதான் பெரிய டொக்டருடைய சத்தம் கூரையைத் தொட்டது.

“ஆர் இங்கை வெத்திலை துப்பினது?”

வெள்ளை மாபிள் தரையில் சிவப்புப் பொட்டுகள். வாசலிலிருந்து மேசைவரை. சபை மண்டபத்துக்குள் வெற்றிலையா! சின்ன டொக்டர் பொது இடத்தில் துப்புவதற்கான பிரிவைத் தேடத் தொடங்கினார். மூன்றாவது டொக்டர் தேயிலைக்காரரைப் பற்றித் தான் சொன்னதுதான் யாரையோ தூண்டிவிட்டது என்று கவலைப்பட்டார். கிளாக்கர் தன் வாயைத் திறந்து காட்டினார்.

நான் தரையைப் பார்த்தேன். வெற்றிலைத் துப்பல் சிதறும். இது சிதறவில்லை. ஒரு எட்டுக்கு ஒரு பொட்டு, ஒரே பக்கத்தில். அவர் விறைப்பாக நின்ற இடத்தில் மட்டும் பெரிதாக ஒன்று. கண்ணை உயர்த்தினேன். வாசலடியில் போய்க்கொண்டிருந்த வலது சப்பாத்தின் அடியில் ஈரம் மினுங்கியது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த இடத்துக்காகத்தான் நான் இவ்வளவும் எழுதினேன். என் வாய் “ஐயோ காலைப் பாருங்கோ” என்று கத்தத் திறந்துவிட்டது. திறந்த வாயை மூடினேன். கத்தினால் என்ன நடக்கும்? புதுக் காயம். சிகிச்சையில் இருக்கும் ஆள். இருபது வீதமும் இல்லை, ஒன்றும் இல்லை, அரை வருடம் கழித்து வா. அதற்குள் மகளுடைய விண்ணப்பம் முடிந்துவிடும். கண் தெரியாத மனிசியும் கால் தெரியாத மனிதனும் தனியாக வீடு திரும்புவார்கள், அடுத்த ஆணிக்கும் அடுத்த கொள்ளிக்கும். கத்தாமலே விட்டால்? அந்தக் கால் போய்விடும். அரை நிமிடம் பிந்தினால் காலுக்கு ஒன்றும் ஆகாது. அந்த அரை நிமிடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

“சவிரிமுத்து அண்ணை, நில்லுங்கோ!” என்றேன். அணிவகுப்புத்தானே, நின்ற இடத்தில் நின்றார். “சேர், இவரிட்டை ஒரு கேள்வி விட்டுப்போச்சு. வலது காலிலை நோவு இருக்கோ எண்டு கேக்கயில்லை. கேட்டு எழுதாட்டி பிறகு கணக்காய்வுக்காரர் பிழை பிடிப்பினம்.”

கணக்காய்வு என்றதும் சின்ன டொக்டர் நிமிர்ந்தார். “வலது காலிலை இப்ப நோவு இருக்கோ?”

சவிரிமுத்து அண்ணை சுவரைப் பார்த்தார். றீற்றா அக்கா இரண்டு கையையும் கூப்பினா. என் வேலையில் நான் ஒரு நோயாளி “நல்ல சுகம்” என்றே சொல்ல வேண்டுமென்று மாதாவைக் கும்பிட்டது அன்றுதான்; நான் சைவக்காரி, அதுவும் ஞாபகம் வரவில்லை.

“ஒரு நோவும் இல்லை, சேர்! நல்ல சுகம்!”

“எழுதுங்கோ, சேர்,” என்றேன். எழுதினார். “மூண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ.” வைத்தார்கள். மூன்றாவது டொக்டர்தான் முதலில்.

அடுத்த நொடி நான் தரையில் முழங்காலில் இருந்தேன். அவரைக் கதிரையில் இருத்தி, சப்பாத்தின் கயிற்றைக் கத்தரியால் வெட்டினேன். “மிஸ், சப்பாத்து!” என்று பதறினார், அதற்குத்தான் பதறினார். சப்பாத்து இலேசில் வரவில்லை. இழுத்தபோது ஒரு சத்தத்தோடு வந்தது. முதல் நாள் அடித்த ஆணியொன்று உள்ளே முழுவதும் ஏறி, சின்னவிரலுக்குக் கீழே பாதத்துக்குள் போயிருந்தது. வெள்ளைச் சொக்ஸ் சிவப்பாகக் கிடந்தது. அந்தக் காலோடுதான் பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்திருக்கிறார். அந்தக் காலைத்தான் தரையில் ஓங்கி அடித்தார். வட்டிலப்ப விவாதம் முழுவதும் அந்தக் காலில்தான் நின்றார்.

குனிந்து தன் காலைப் பார்த்த சவிரிமுத்து அண்ணை, “மன்னிக்கவும் சேர், நிலம் ஊத்தையாப் போச்சு” என்றார்.

றீற்றா அக்கா கிட்டப் போய்க் குனிந்து, பார்க்க ஏலாமல் கையால் தடவி, ஈரம் பட்டதும் அழத் தொடங்கிவிட்டா. சத்தம் போட்டு அழவில்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாமல் இருந்தது.

சின்ன டொக்டர் தொண்டையைச் செருமினார். “புதுக் காயம். விதிப்படி…”

“காயம் புதுசு, சேர்,” என்றேன் காலைத் துடைத்தபடி. “விறைப்புப் பழசு. ஆணி ஏறின காலிலை நோவு இல்லையெண்டு அவர் சொல்லி, நீங்கள் மூண்டு பேரும் கையெழுத்து வைச்சு முடிஞ்சு. இதைவிட விறைப்பை எப்பிடி நிரூபிக்கிறது?”

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். விதிகளை நேசிக்கிற ஆட்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு: விதி உங்கள் பக்கம் வந்தால் அவர்களும் வந்துவிடுவார்கள். “காயத்தைக் கண்டதுக்கு முதலே மதிப்பீடு நடந்தது,” என்று மெதுவாகச் சொன்னார். “கையெழுத்து இருக்கு. அப்ப நாப்பது.”

நாற்பது. பாதி வரவில்லை! பிரஷரையும் சேர்த்தால்தான் ஐம்பத்திரண்டு. எல்லாரும் பிரஷர் மெஷினைப் பார்த்தோம். பிறகு எல்லாரும் பெரிய டொக்டரைப் பார்த்தோம். மெஷின் சரியென்றால் அவருடைய பிரஷரும் சரி. மெஷின் பிழையென்றால் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. சவிரிமுத்து அண்ணை வெறுங்காலோடு கதிரையில் விறைப்பாக இருந்தார்.

பெரிய டொக்டர் அவருடைய காலைக் குனிந்து பார்த்தார். பிறகு சேட் கையை மடித்து மேசையில் தன் கையை வைத்தார். “இன்னொருக்காப் பாருங்கோ, மிஸ்.”

பார்த்தேன். காலையில் காட்டியதைவிடக் கூட.

“மெஷின் சரி,” என்றார். “எழுதுங்கோ. அம்பத்திரெண்டு.” கொஞ்சம் பொறுத்து, சின்னக் குரலில் சொன்னார்: “எனக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்கோ. கிளினிக்குக்குப் போறன்.” அதைச் சொல்ல அவருக்கு ஆணியைப் பிடுங்கினதைவிட நொந்திருக்கும்.

சவிரிமுத்து அண்ணை என்னிடம் குனிந்து காதுக்குள் கேட்டார்: “மிஸ், பாஸோ?”

“பாஸ், அண்ணை.”

அவர் அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். கால் தப்பியது. சின்னவிரல் தப்பவில்லை. அந்த விரலை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். காலையிலேயே சப்பாத்தைக் கழற்றியிருந்தால் என்று அல்ல, ஒரு மனிதன் தன் வருத்தத்தை மறைக்கப் பழகியதை ஒழுக்கம் என்று நாங்கள் எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தோமே என்று. உங்களுக்கு ஒன்றுதான் சொல்லுவேன். “நல்ல சுகம்” என்று யார் சொன்னாலும், காது அதைக் கேட்கட்டும், கை சப்பாத்தைக் கழற்றட்டும்.

ஜெசிக்கு இடமாற்றம் கிடைத்தது. சில மாதம் கழித்து அவர்களைக் கிளினிக் வாசலில் கண்டேன். சவிரிமுத்து அண்ணைக்கு ஒரு பக்கம் றீற்றா அக்கா, மறுபக்கம் மகள். புதுச் சப்பாத்து, பொலிஷ் மட்டும் பழைய பொலிஷ். ஜெசி சொன்னாள்: “ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முதல் சப்பாத்தைக் கவிட்டுத் தட்டி, உள்ளுக்கை கையை விட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான் போடக் குடுப்பன், மிஸ். பிறகு ரெண்டு காலையும் திருப்பிப் பாப்பன்.”

“எப்பிடி அண்ணை, சுகமோ?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. “நல்ல…” என்று தொடங்கினார். மகள் ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடியது. தோளைத் தளர்த்தி, ஒரு சின்னப் பிள்ளை முறையிடுவதைப் போல என்னிடம் சொன்னார். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஏலாது மிஸ். இப்ப ஒவ்வொரு நாளும் இன்ஸ்பெக்ஷன்.”